ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு பேர்

சித்தூர்க் கடைத்தெருவில் பிலிம் விற்கும் கடை ஒன்றுதான். அங்கே போய், "ஒரே ஒரு படம் எடுக்கிற அளவுக்குப் பிலிம் கிடைக்குமா?" என்று கேட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; எங்களிடம் பேசும் தமிழில் அது வந்து போகும்.

"அரை முழம் கிழிச்சித் தர்றதுக்கு இது துணிக்கடையா பாபு? ரோலா வாங்கு. பன்னெண்டு படம் வரும்."

"பன்னெண்டு எனக்கு எதுக்குங்க? ஒண்ணு போதும்."

"அப்ப இன்னும் பதினோரு பேரைக் கூட்டிக்கினு வா, போ."

அவர் என்னைத் துரத்துவதற்காகச் சொன்னது அது. நான் படியிறங்கிப் பாதித் தெரு போனதும் நின்றுவிட்டேன். பதினோரு பேர்! ஏன் கூடாது? ஒரு ரோல், பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு படம். மாதம் ஒரு ரோல். திரும்ப ஓடிப்போய்க் கடைக்காரரிடமே, "கூட்டிக்கினு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது.

எடுக்க நினைத்த ஒரு படம் நீவா ஆற்றில் லாரி கழுவுகிறவர்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சில மாதங்களில் லாரிகளை நடு ஆற்றில் நிறுத்தி, பக்கெட்டால் வீசி வீசிக் கழுவுவார்கள். வெயில் எதிரே இருந்தால் அந்தத் தண்ணீர் கண்ணாடித் தூள் மாதிரி சிதறும். கலெக்டர் ஆபீசில் நகல் எழுதும் தற்காலிக குமாஸ்தாவாக நான் சேர்ந்த புதிது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு, ஒருவர் எழுதியதை அப்படியே இன்னொரு தாளில் எழுதுகிற வேலை. கை பாட்டுக்கு எழுதும். தலைக்கு வேலையே கிடையாது. அதனால் அது லாரியையும் தண்ணீரையும் நினைத்துக்கொண்டிருந்தது.

கேமரா என்னிடம் இல்லை. எங்கள் ஆபீஸுக்கு அடிக்கடி வந்து போகும் தாலுகா சர்வேயரிடம் இருந்தது. மிலிட்டரியிலிருந்து திரும்பிய மச்சான் அவருக்குக் கொடுத்த பெட்டிக் கேமரா. அவர் அதில் தன் மாமனார் வீட்டுக் கல்யாணங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். திருத்தணிக்காரர். நான் யோசனையைச் சொன்னதும், "பொட்டி என் கையில இருந்துதான் போவும், என் கைக்குத்தான் வரும். அப்படின்னா சரி" என்றார்.

மற்ற பத்துப் பேரைச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. எல்லாரையும் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எக்ஸ்ரே கழுவும் இருட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்த டாக்டரிடம் அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான். தாய்மொழி தெலுங்கு. வாய் ஓயாது. என்னைச் செல்லமாக 'நாயனா' என்பார். இன்னொருவர் குப்பம் பக்கம் சாந்திபுரத்தில் வேலை பார்த்த பள்ளிக்கூட டீச்சர். தன் தம்பியோடு முதல் கூட்டத்துக்கு வந்தார். வந்த தம்பி அன்றைக்கே சலித்துப்போய் அப்புறம் வரவில்லை. டீச்சர் மட்டும் மாதாமாதம் இரண்டு பஸ் மாறி வந்தார்.

பெட்டிக் கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பிலிமோடு சேர்த்து ஒரு காகிதமும் சுற்றியிருக்கும். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் அச்சிட்டிருக்கும். சாவியைத் திருகினால் ஜன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும். படம் எடுக்கலாம் என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது யோசனை வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டேன். ஜன்னலில் யாருடைய எண் வருகிறதோ, அந்தக் கட்டம் அவருடையது. கம்பவுண்டருக்கு ஒன்று. டீச்சருக்கு ஐந்து. எனக்கு ஆறு. சர்வேயருக்குப் பன்னிரண்டு.

"கேமரா என்னுது. நம்பர் மட்டும் கடேசியா?" என்றார் சர்வேயர்.

"கலியாணத்துல கூட வீட்டுக்காரன் கடேசிப் பந்தியிலதான் உக்காருவான், சார்" என்றார் கம்பவுண்டர்.

சட்டங்களும் நான்தான் போட்டேன். எடுத்தவர் அடுத்த எண் வரும்வரை சாவியைத் திருகிவிட்டுத்தான் கேமராவை அடுத்த ஆளிடம் தர வேண்டும். யாரும் அடுத்தவர் நம்பரைத் தொடக்கூடாது. வராதவருடைய கட்டம் வெறுமனே போகட்டும். வெறும் கட்டத்தைப் பிரிண்ட் போட்டால் கறுப்புச் சதுரம் வரும். அதையும் மற்ற படங்களோடு சேர்த்து, நம்பர் எழுதி, இருட்டறைச் சுவரில் குத்துவோம். வராதவருக்கு அதுதான் தண்டனை. பிறகு ஆளுக்கொரு புளியங்கொட்டையை ஓட்டு மாதிரி, பிடித்த படத்துக்குக் கீழே தரையில் வைக்க வேண்டும். தன் படத்துக்குத் தானே வைக்கக்கூடாது. ஒரு மாதம் மழையில் பஸ் நின்று டீச்சர் வர முடியாமல் போய்விட்டது. அவருடைய கறுப்புச் சதுரத்துக்கு இரண்டு கொட்டை விழுந்தது.

"யாருப்பா வச்சது?" என்றேன்.

"நான் ஒண்ணு வச்சேன்" என்றார் கம்பவுண்டர். "இந்த பன்னெண்டுல ஆடாம நின்னது அது ஒண்ணுதான நாயனா."

நாளாக நாளாக எங்களுக்குள் பேரே போய்விட்டது. தெருவில் பார்த்தாலும், "இன்னா ஆறு, எங்க போய்க்கினு இருக்க?" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நகரியில் எங்கள் வீட்டில் நைனாவிடம் இதைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே, "பேரு வச்சி வளத்தவன் நான். நம்பரு வச்சிக் கூப்புட்றவன் எவன்டா? ஜெயிலா அது?" என்றார்.

எல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது எல்லைத் தகராறு முடிவுக்கு வந்தது. ஆந்திர ராஜ்யம் ஏற்பட்ட நாளிலிருந்து சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போவது என்று ஆனது. எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றது. சர்வேயர் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார், அது கிடைத்துவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவரோடு கேமராவும் போகும். அதைச் சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்க எங்களுக்கும் சங்கடம்.

"விட்டுட்டுப் போலாம்னு பாத்தேன்பா" என்று ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "மச்சான் குடுத்தது. ஊட்டுல கேப்பாங்க."

"நாங்க கேட்டமா சார்?" என்றேன்.

"கேக்கலதான். உன் மூஞ்சி கேக்குது."

அந்த வாரம்தான் திருப்பதியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அங்கே இருந்த புகைப்படச் சங்கம் சுற்று வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்திருந்தது. ஒரு சங்கத்துக்கு ஒரு ரோல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைப்பைச் சொல்வார்கள். மாலை ஐந்து மணிக்குள் எடுத்து முடித்த ரோலைக் கொடுத்துவிட வேண்டும். அவர்களே கழுவி, வெட்டாமல், பன்னிரண்டையும் ஒரே பட்டையாகப் பிரிண்ட் போடுவார்கள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதல் பரிசு ஒரு புதுக் கேமரா, தோல் உறையோடு.

இதைவிட எங்களுக்கென்றே ஒரு போட்டியை எவன் வைப்பான்? ஒரு ரோல், பன்னிரண்டு படம்! நோட்டீஸை நான் சத்தமாக இரண்டு முறை படித்தேன். ஜெயித்தால் சங்கம் நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதத்தோடு சரி.

சனிக்கிழமை சாயங்கால ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதி போய் ஒரு சத்திரத்தில் தங்கினோம். பதினோரு பேர். டீச்சருக்குச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையில் தலைப்பைச் சொன்னார்கள்: 'ஒரு நாள், ஓர் இடம்.' பத்து நிமிஷம் சண்டை போட்டு அலிபிரியைத் தேர்ந்தெடுத்தோம். மலையடிவாரம். நடந்து ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் படியேறுவார்கள். நடந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் வந்து சேருவார்கள். போகும்போது முடியோடு, வரும்போது மொட்டையோடு. சத்திரத்துக் காவல்காரரிடம் டீச்சர் வந்தால் அலிபிரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனோம்.

பத்தரை மணிக்குள் ஒன்றிலிருந்து நான்கு வரை முடிந்துவிட்டது. கம்பவுண்டர் தேங்காய் உடைக்கிற ஒருவரை எடுத்தார். தேங்காய் உடையும்போதா, உடைவதற்கு முன்பா என்று அவருக்கே தெரியவில்லை. நான்காம் நம்பர்க்காரர் சாவியைத் திருகி, ஜன்னலில் ஐந்து வந்ததும் கேமராவைச் சர்வேயரிடம் கொடுத்தார். நாங்கள் உட்கார்ந்தோம். டீச்சரைக் காணோம்.

பதினொன்றரை ஆனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு அடுத்து என் முறை என்பதால் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுச் சர்வேயர் மோர் குடிக்கப் போனார். அப்போதுதான் அவர்கள் படியிறங்கி வந்தார்கள். கிராமத்து ஆள் ஒருவர், பெண்சாதி, பெண்சாதியின் இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை. மூன்று பேரும் மொட்டை. தலையெல்லாம் சந்தனம். குழந்தை அந்த ஆளை நம்பவில்லை.

"நைனா எங்க? நைனா எங்க?" என்று அழுதுகொண்டே இருந்தது.

"நான்தான்டா உன் நைனா!" என்று அவர் தலையைக் குனிந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, கையை நீட்டி, அந்தத் தலையைத் தடவிப் பார்த்தது. வாய் திறந்தபடி. முடிவு எடுக்காத முகம்.

நான் கேமராவை மார்போடு வைத்தேன். ஜன்னலில் ஐந்து. யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் சாவியைத் திருகியது. ஆறு வந்தது. அழுத்தினேன். கிளிக். அடுத்த கணம் குழந்தை மறுபடி வீறிட்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

அது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சில படங்களை எடுக்கும்போதே தெரிந்துவிடும். துள்ளிக்கொண்டு போய்ச் சர்வேயரிடம் சொன்னேன். மோர்க் குவளையை வாயிலிருந்து எடுத்தார்.

"அஞ்சை ஏன் தாண்டின?"

"அஞ்சு டீச்சரோடதாச்சே."

"அதுலயே எடுத்துட்டு, டீச்சர் வந்தா ஆறைக் குடுத்திருக்கலாமே! மாத்திக்கினா இன்னா, தலையா போவப் போவுது?"

எனக்கு நிஜமாகவே அது தோன்றவில்லை. அடுத்தவர் நம்பர் என்றால் அடுத்தவர் வீடு மாதிரி ஆகிவிட்டிருந்தது. கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சட்டம் போட்டவனே சட்டத்துல மாட்டிக்கினான்டா சாமி."

மற்றவர்கள் ஏழிலிருந்து எடுத்துக்கொண்டே போனார்கள். வேறென்ன செய்வது? இரண்டரை மணிக்குப் பன்னிரண்டாவதையும் சர்வேயர் எடுத்து முடித்தார். ரோல் முடிந்தது. நடுவில் ஐந்து மட்டும் வெறுங்கட்டம். கறுப்புச் சதுரம். அதற்குப் பெயர் தோல்வி என்று நோட்டீஸிலேயே அச்சிட்டிருந்தது.

டீச்சர் மூன்று மணிக்கு வந்தார். ஜட்கா வண்டியிலிருந்து குதித்தவர் நேரே என்னிடம் வந்தார். புடவையெல்லாம் புழுதி.

"மொகிலி கணவாய்ல பஸ்ஸு நின்னுடுச்சி. ஒரு லாரிக்காரர் ஏத்திக்கினு வந்தாரு. என் நம்பர் இருக்குதில்ல?"

"இருக்குது டீச்சர். ஆனா தாண்டிட்டோம்."

"தாண்டிட்டீங்கன்னா?"

சொன்னேன். அவர் படிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் வேண்டுதலுக்காக ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவை எடுத்திருப்பேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "திரும்பச் சுத்திடலாம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். இருட்டில் ரோலை வெளியே எடுத்து, முழுவதும் பின்பக்கமாகச் சுற்றி, மறுபடி கேமராவில் முதலிலிருந்து போட வேண்டும். பட்டனைத் தொடாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருகிக்கொண்டே போனால் ஐந்து வந்து நிற்கும். டீச்சர் எடுப்பார். பிறகு கடைசிவரை சுற்றிவிட்டால் தீர்ந்தது. புத்தகத்தில் படித்திருந்தேன். செய்ததில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

"இருட்டு எங்க இருக்குது இங்க?" என்றார் சர்வேயர். மலைமேல் குளிருக்காக யாத்திரிகர்களுக்குக் கம்பளி வாடகைக்கு விடுகிற ஒரு கடை பக்கத்தில் இருந்தது. பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறை. கடைக்கார அம்மாவிடம் கம்பவுண்டர் தெலுங்கில் என்னவோ பேசி அனுமதி வாங்கினார். கேமராவோடு நான் மூன்று கம்பளிக்குள் புகுந்தேன்.

திருப்பதி வெயிலில் மூன்று கம்பளி. ஆட்டு நாற்றம். இரண்டு நிமிஷத்தில் வியர்வை விரல் நுனியில் சொட்டியது. வெளியே கடைக்கார அம்மாவின் குரல் கேட்டது: "லோபல ஏமி சேஸ்துன்னாடு?" உள்ளே அவன் என்ன செய்கிறான் என்கிறாள். கம்பவுண்டர், "வாடிக்கி சலி ஜுரம், அம்மா" என்றார். அவனுக்குக் குளிர்ஜுரமாம். கம்பளிக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

ரோல் பின்னுக்குச் சுற்றி வந்தது. கடைசியில் காகிதத்தோடு பிலிமின் தலை ஒட்டியிருக்கும் இடம் வந்தது. அங்கே பிலிம் கொஞ்சம் புடைத்திருந்தது. அதை நீவினேன். ஈர விரல். ஒட்டியிருந்த டேப் கையோடு வந்துவிட்டது.

எண்கள் இருப்பது காகிதத்தில். படம் இருப்பது பிலிமில். இரண்டையும் இணைத்திருப்பது அந்த டேப் ஒன்றுதான். அது முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டினால்தான் காகிதத்தில் ஐந்து என்று வரும்போது பிலிமிலும் ஐந்தாவது கட்டம் நிற்கும். இருட்டில் எந்த இடம் என்று எப்படித் தெரியும்? தடவித் தடவி, குத்துமதிப்பாக ஒட்டினேன்.

வெளியே வந்ததும் டீச்சர், "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன். நேரம் நாலாகிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டீச்சர் அந்தப் பெண்ணைத் தேடிப் படியேறி ஓடினார். அவள் அதற்குள் நிறையப் படிகள் ஏறியிருந்தாள். கேமராவோடு சர்வேயர் பின்னால் ஓடினார். பெட்டி அவர் கையிலிருந்துதானே போக வேண்டும். திரும்பி வந்தபோது டீச்சருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "மஞ்சள் கையோட திரும்பிப் பாத்தாங்க. அப்படியே எடுத்துட்டேன்." ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால் ரோலைக் கொடுத்தோம்.

அந்த வாரம் ஆபீசில் நான் எழுதிய நகல்களில் எத்தனை தப்பு என்று சொல்ல வேண்டாம். தலைமைக் குமாஸ்தா ஒரே பக்கத்தை மூன்று தடவை எழுதவைத்தார். டேப், டேப் என்றே இருந்தது மனசு. சரியாகவே ஒட்டியிருக்கலாம். ஏன் கூடாது? ஒரு விரற்கடை விலகினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்படியே ஆறு நாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி திருப்பதி. ஒரு கல்லூரி ஹாலில் ஒவ்வொரு சங்கத்தின் பட்டையையும் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். மேஜைமேல் தோல் உறையில் கேமரா. நான் அதைப் பார்க்காமல் நேரே எங்கள் பட்டையிடம் போனேன்.

ஒட்டியது ஒரு கட்டைவிரல் அகலம் தவறியிருந்தது. டீச்சருடைய ஐந்தாவது படம் முன்னால் நகர்ந்து என் ஆறாவது படத்தின்மேல் ஏறியிருந்தது. ஏறிய இடத்தில் இரண்டும் கலந்து கிடந்தன. குழந்தை தடவிக்கொண்டிருந்த அந்த மொட்டைத் தலையின்மேல் ஒரு படி. படியின்மேல் ஒரு கை. மஞ்சள் பூசுகிற பெண்ணின் முகம் சரியாக அந்தத் தலைக்குள் போய்க் கரைந்துவிட்டது. டீச்சர் ஓடிப் பிடித்த, திரும்பிப் பார்த்த முகம்.

கம்பவுண்டர் என் காதருகே, "நாயனா, உன் தலையில மண்ணு" என்றார். சர்வேயர் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஜில்லாவுக்கே எல்லை அளந்தவன் நான். என் பொட்டிக்குள்ளயே எல்லை தாண்டிட்டாங்களே."

நடுவராக வந்தவர் சென்னையில் ஸ்டுடியோ வைத்திருந்த வயசானவர். எங்கள் பட்டையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"இது வேணும்னே செஞ்சதா? தானா ஆனதா?" கையால் ஐந்தையும் ஆறையும் காட்டினார். "படியில வைக்க வேண்டிய மஞ்சளைத் தலையில வைக்கிற மாதிரி இருக்கு. வேணும்னே செஞ்சிருந்தா, இந்த ஹால்ல இதுமாதிரி யோசிச்சவங்க வேற யாரும் இல்லை."

கம்பவுண்டர் பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளினார். "அவுனு அனு!" என்று முணுமுணுத்தார். ஆமாம் என்று சொல்லு. மேஜைமேல் இருந்த தோல் உறை எனக்குக் கைக்கெட்டுகிற தூரம். ஒரு வார்த்தை. நான் வாயைத் திறந்தும்விட்டேன்.

டீச்சர் எங்களைப் பார்க்கவில்லை. தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு.

"இல்லைங்க" என்றேன். "டேப் பிஞ்சிபோச்சி. நான் தப்பா ஒட்டிட்டேன். அன்னிக்கே தெரியும் எனக்கு."

நடுவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். முதல் பரிசு நெல்லூர்க்காரர்களுக்குப் போனது. பன்னிரண்டும் தெளிவாக, தனித்தனியாக, கட்டத்துக்குள் இருந்தன. நல்ல படங்கள்தான். எங்களுக்கு இரண்டாம் பரிசு: பிரிண்ட் போடும் காகிதம் ஒரு பெரிய பெட்டி, கழுவும் மருந்துப் பொட்டலங்கள். கேமரா இல்லாதவனுக்குக் காகிதம். மேடையில் வாங்கும்போது சர்வேயர் அதை என் கையில் திணித்தார்.

திரும்பும் ரயிலில் கம்பவுண்டர் என்னிடம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க டீச்சர்?"

"எடுக்காம விட்டிருப்பேன். உன் படமாவது முழுசா இருந்திருக்கும்."

"வெறுங்கட்டம் இருந்தா போட்டியிலயே சேத்துக்க மாட்டாங்க."

"சேத்துக்க வேணாமே. சுவத்துல குத்தி வச்சிருப்போம். நான் கொட்டை வச்சிருப்பேன் அதுக்கு." ஜன்னல் வழியாகச் சந்திரகிரிக் கோட்டை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா மூஞ்சி நல்லா இருந்திச்சி தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

காகிதப் பெட்டி என் மடியில் கனத்தது. அதன்மேல் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். இன்டர்மீடியட்டில் பௌதிக வாத்தியார் ஒரு நாள் ஒரு அட்டைப் பெட்டியில் ஊசியால் ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கம் எண்ணெய்க் காகிதத்தில் ஜன்னலைத் தலைகீழாகக் காட்டியது நினைவுக்கு வந்தது. கண்ணாடி இல்லை, சாவி இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டை. எண்ணெய்க் காகிதம் இருந்த இடத்தில் இந்தக் காகிதத்தை வைத்தால்? இதுவும் வெளிச்சம் பட்டால் கறுக்கிற காகிதம்தானே! வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு வெள்ளையாகவும் மாறி விழும், அதை இன்னொரு காகிதத்தில் திருப்பிப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். மெதுவாகத்தான் பதியும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகலாம். ஆகட்டுமே!

எழுந்து நின்றே சொல்லிவிட்டேன். "கேமரா வேணாம். டப்பா போதும். வெளிச்சம் உள்ள போவாத டப்பா. ஆளுக்கு ஒண்ணு."

"நம்பரு?" என்றார் சர்வேயர்.

"நம்பரே வேணாம் சார். அவங்கவங்க டப்பா, அவங்கவங்க காகிதம். ஒருத்தர் மேல ஒருத்தர் ஏற முடியாது."

"உக்காருப்பா, ரயில்லருந்து உழுந்துடப் போற." ஆனால் அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். ஓட்டைக்கும் காகிதத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று கேட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். திருத்தணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து போவது ஒன்றும் கஷ்டமில்லை என்றும் சொன்னார். அவருக்கும் ஒரு டப்பா வேண்டுமாம்.

பாகாலா ஸ்டேஷனில் வண்டி நின்றது. கம்பவுண்டர் இறங்கிப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். என் டம்ளரை என் கையில் தராமல் ஜன்னல் சட்டத்தில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில பால் பவுடர் டப்பா காலியாக் கெடக்குது" என்றார், என்னைப் பார்க்காமல். "பெரிசு. மூடி டைட்டா இருக்கும். பன்னெண்டு எடுத்துக்கினு வர்றேன். உள்ள கறுப்பு மையி பூசணும். அதை நீதான் பூசணும். கழுதை."

டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

டப்பாக்கள் நேற்று வந்துவிட்டன. பன்னிரண்டுக்கும் மை பூசியாகிவிட்டது, நான்கு இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஊசி ஓட்டை எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் மூன்று அளவில் போட்டுப் பார்க்கப் போகிறேன். வருகிற ஞாயிறு எல்லாரும் நீவா ஆற்றுக்குப் போகிறோம். இந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. லாரிகள் வரும். இரண்டு நிமிஷம் மூடியைத் திறந்து வைத்தால் லாரி பதியும், அது நிற்கிற பொருள். கழுவுகிறவர்கள் பதிவார்களா, வீசுகிற தண்ணீர் என்னவாக விழும், வெறும் புகையாகவா, ஒன்றுமே இல்லாமலா என்பதைக் காகிதத்தைக் கழுவினால்தான் சொல்ல முடியும்.